நரம்பைத் தொடும் ஒளியும் எமது நம்பிக்கையைத் தொடும் வியாபாரமும்

புலம்பெயர் தேசங்களில் எமது வீடுகளுக்குள் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி கேட்கின்றது. "லேசர் பிடிச்சால் செத்த நரம்பும் திரும்ப வேலை செய்யுமாம்." கோவில் மண்டபத்தில் சொல்கின்றார்கள். வட்ஸ்அப் குழுக்களில் காணொளி வருகின்றது. தமிழ் வானொலி விளம்பர இடைவேளைகளிலும் இதையே சொல்கின்றார்கள். கழுத்து நோ, முதுகு நோ, கால் விறைப்பு, பாரிசவாதம், மறதிநோய் என்று எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு ஒளிக் கருவி இருக்கின்றது. சத்திரசிகிச்சை இல்லை, குளிசை இல்லை, பக்கவிளைவு இல்லை என்பதுதான் எல்லா விளம்பரங்களினதும் பொதுவான பல்லவி.

எமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகின்றோம். அந்த அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தம் இருபது வருடங்களுக்கு மேல். இரண்டு பாதங்களும் விறைத்துப் போயிருந்தன. தமிழ் கதைக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தில் இருபது தடவை லேசர் சிகிச்சைக்கு மகள் மாதத் தவணையில் பணம் கட்டினார். அம்மாவுக்கும் சந்தோசம், "கொஞ்சம் சுகம் மாதிரி இருக்கு" என்றார். ஒரு நாள் காலுறையில் இரத்தக் கறை தெரிந்தது. பார்த்தால் பாதத்தின் அடியில் புண். எப்போது வந்தது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. வைத்தியசாலையில் பல வாரங்கள் மருந்து ஏற்றித்தான் விரலைக் காப்பாற்றினார்கள். அங்கே வைத்தியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பாதத்தைக் கடைசியாக யார் பார்த்தது?"

அந்தப் புண்ணை லேசர் உண்டாக்கவில்லை. அதை நாம் தெளிவாகவே சொல்ல வேண்டும். ஆனால் லேசர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வீட்டில் ஒருவரும் பாதத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையின் அக்கறை அதுதான். குறைந்த சக்தி லேசர் ஒளி நரம்புக்கலங்களில் உண்மையில் என்ன செய்கின்றது, எது நிரூபிக்கப்பட்டுள்ளது, எது இன்னும் ஆய்வுகூடத்தோடு நிற்கின்றது என்பதைப் பிரித்தறியாமல் நாம் பணத்தையும் காலத்தையும் செலவிட முடியாது.

தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு

உலகின் முதலாவது லேசர் கருவியை 1960இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். அது மாணிக்கக் கல்லைப் பயன்படுத்திய சிவப்பு ஒளி. சில ஆண்டுகளில் பொஸ்ரன் நகரில் அத்தகைய லேசரால் விலங்குகளின் புற்றுக்கட்டிகளை அழிக்கும் முயற்சி நடந்தது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் என்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர் அதே பரிசோதனையைச் செய்து பார்க்க முனைந்தார். அவரிடம் இருந்த லேசரின் வலு குறைவு. கட்டி அழியவில்லை. ஆனால் பரிசோதனைக்காக மயிர் மழித்த இடத்தில், ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது. தொடர்ந்து புண் ஆறுவதிலும் மாற்றம் தெரிந்தது. இது 1960களின் பிற்பகுதி. சுடாத, வெட்டாத ஒளியும் உடற்கலங்களில் ஏதோ செய்கின்றது என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்கியது.

இன்று இந்தத் துறையை ஆய்வாளர்கள் போட்டோபயோமொடியுலேசன் என்று அழைக்கின்றார்கள். பெரும்பாலும் 600 முதல் 1000 நனோமீற்றர் வரையான அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியுமே பயன்படுகின்றன. கண் சத்திரசிகிச்சையிலும் கட்டி அகற்றுவதிலும் பயன்படும் லேசர் வேறு; இது வேறு. இங்கே தோல் சுடுவதில்லை. பல கருவிகளில் இருப்பது லேசர்கூட அல்ல, சாதாரண எல்.ஈ.டி விளக்குகள். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

கலத்துக்குள் நடப்பது என்ன?

நரம்புக்கலம் சக்தியை அதிகம் செலவழிக்கும் கலம். முள்ளந்தண்டிலிருந்து கால் பெருவிரல் வரை போகும் ஒரு நரம்பு இழை ஒரு மீற்றர் நீளம் வரை இருக்கும். அந்த நீளம் முழுவதும் சமிக்ஞையையும் உணவுப் பொருட்களையும் கொண்டுபோக இடைவிடாத சக்தி வேண்டும். அந்தச் சக்தியைத் தயாரிப்பவை கலத்துக்குள் இருக்கும் இழைமணிகள். பாடசாலையில் உயிரியல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

ரஷ்ய ஆய்வாளரான டீனா காரு, இழைமணியில் உள்ள சைற்றோகுரோம் சி ஒட்சிடேசு என்ற நொதியமே இந்த ஒளியை உறிஞ்சுகின்றது என்று விளக்கினார். ஒளி பட்டதும் அந்த நொதியம் விரைவாக வேலை செய்கின்றது, கலத்தின் சக்தி நாணயமான ஏ.டி.பி கூடுகின்றது, நைத்திரிக் ஒட்சைட்டு விடுபட்டு இரத்தக் குழாய்கள் விரிகின்றன என்பதே விளக்கம். இன்றுவரை முன்னணியில் இருக்கும் விளக்கம் இதுதான். இதுவே முழுக் கதை என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கின்றது.

விளம்பரங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. "சக்தி கூடும், நரம்பு விழிக்கும்." ஆனால் கதையின் மறுபாதிதான் முக்கியமானது.

அவுஸ்திரேலியாவின் சிட்னியில் வைத்தியர் ரொபேர்ட்டா சௌவும் அவரது சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் நோவை உணரும் நரம்புக்கலங்களின் மீது 830 நனோமீற்றர் லேசரைப் பாய்ச்சினார்கள். மெல்லிய நரம்பு இழைகளில் பாசிமணிக் கோவை போல முடிச்சுக்கள் தோன்றின. இழைமணிகளின் மின்னழுத்தம் குறைந்தது. இழை வழியாக நடக்கும் பொருட் போக்குவரத்துத் தடைப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால், அந்த ஒளி நரம்பை விழிக்க வைக்கவில்லை, அடக்கியது. நோ குறைவதற்கான முக்கிய விளக்கங்களில் ஒன்று இதுதான். நோவைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகள் தற்காலிகமாக மந்தமாகின்றன.

ஆகவே ஒரே வகை ஒளி ஓர் அளவில் கலத்தைத் தூண்டுகின்றது. இன்னோர் அளவில் அடக்குகின்றது. குறைவாகப் பாய்ச்சினால் பலனில்லை, அளவோடு பாய்ச்சினால் ஒரு பலன், கூடினால் அந்தப் பலன் மறைந்து எதிர்மாறான விளைவு. இதை இரட்டை நிலை அளவுத் தொடர்பு என்று ஆய்வாளர்கள் சொல்கின்றார்கள். அலைநீளம், வலு, ஒரு சதுர சென்றிமீற்றருக்கு எத்தனை ஜூல், எத்தனை நிமிடம், எந்த இடம் என்ற எல்லாமே விளைவை மாற்றும். கறிக்கு உப்புப் போடுவதில்கூட அளவு பார்க்கும் நாம், "எங்களிட்டை இருக்கிறது கூடின பவர் மெசின்" என்ற ஒரு வசனத்தில் மயங்கிவிடுகின்றோம். இந்தச் சிகிச்சையில் கூடிய வலு கூடிய பலன் என்று பொருளல்ல.

மனிதர்களில் கிடைத்த முடிவுகள்

முதலில் நல்ல செய்தி. 2009இல் லான்செற் மருத்துவ இதழில் கழுத்து நோ பற்றிய ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. 16 பரிசோதனைகள், 820 நோயாளிகள். உண்மையான லேசர் பெற்றவர்களுக்கு, போலி லேசர் பெற்றவர்களைவிட, 100 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 20 புள்ளிகள் நோ குறைந்தது. நாட்பட்ட நோ உள்ளவர்களில் அந்தப் பலன் சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரை நீடித்ததாகவும் கண்டார்கள். இது சிறிய விடயமல்ல. அதேபோல, புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் ஏற்படும் கடுமையான புண்ணைத் தடுக்க இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச வழிகாட்டல்களே பரிந்துரைக்கின்றன. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பும் 2018இல் இதற்கு வழிகாட்டல் வெளியிட்டது. ஆகவே இது முழுக்கப் பொய் என்று தள்ளிவிடுவது நேர்மையல்ல.

இனி பாரிசவாதத்தின் கதை. முயல்களிலும் எலிகளிலும் மூளைக்கு ஒளி பாய்ச்சியபோது கிடைத்த நல்ல முடிவுகளை வைத்து, 808 நனோமீற்றர் லேசரை மனிதர்களில் பரிசோதித்தார்கள். இரத்தக் குழாய் அடைத்த 24 மணித்தியாலத்துக்குள் தலையில் ஒளி பாய்ச்சப்பட்டது. 2007இல் வெளிவந்த முதல் பரிசோதனையில் 120 பேர். லேசர் பெற்றவர்களில் 70 சதவீதமானோருக்கு முன்னேற்றம். பெறாதவர்களில் 51 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. 2009இல் 660 பேருடன் இரண்டாவது பரிசோதனை. இம்முறை வேறுபாடு நிரூபணமாகும் அளவுக்கு இல்லை. மூன்றாவது பரிசோதனைக்கு 1000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். 630 பேர் சேர்ந்த நிலையில் இடைக்கால முடிவைப் பார்த்தபோது, தொடர்வதில் பயனில்லை என்று நிறுத்தப்பட்டது.

இந்த மூன்று பரிசோதனைகளையும் நாம் மனதில் இருத்த வேண்டும். ஏனெனில் விளம்பரக்காரர் முதலாவதை மட்டும் காட்டுவார். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வசனம் அப்போது பொய்யாகவும் இருக்காது, உண்மையாகவும் இருக்காது.

மூளைக்கு ஒளி பாய்ச்சுவதில் ஒரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. எலியின் மண்டையோடு கடதாசி போல மெல்லியது. மனித மண்டையோடு அப்படியல்ல. தலைமுடி, தோல், எலும்பு எல்லாவற்றையும் தாண்டி மூளையின் மேற்பரப்பை அடைவது பாய்ச்சிய ஒளியின் மிகச் சிறிய பங்குதான். மறதிநோய் முதலில் தாக்கும் பகுதிகளோ மூளையின் ஆழத்தில் இருக்கின்றன. இருந்தும் ஆய்வுகள் நிற்கவில்லை. அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2013இல், ஆரோக்கியமான இளையோரின் நெற்றியில் 1064 நனோமீற்றர் லேசரைப் பாய்ச்சி, கவனத்திலும் நினைவிலும் முன்னேற்றம் கண்டார்கள். 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கு ஒளித் தலைக்கவசம் அணிவித்தார்கள். அது பாதுகாப்பானது என்று தெரிந்தது, மூளைப் படங்களில் மாற்றமும் தெரிந்தது. ஆனால் நோயாளியின் அறிகுறிகளில் நிரூபணமாகும் வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே இது நம்பிக்கை தரும் ஆய்வுத் துறை. ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து அம்மப்பாவின் தலையில் கவிழ்க்கும் அளவுக்கு முடிந்த முடிவல்ல.

சீனி வருத்தமும் விறைத்த கால்களும்

தெற்காசியர்களாகிய எமக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு அதிகம். உடல் மெலிந்தவர்களுக்கும் இளம் வயதிலேயே வந்துவிடுகின்றது. நீண்டகாலச் சீனி முதலில் தாக்குவது நீளமான நரம்புகளை. அதனால்தான் விறைப்புப் பாதத்தில் தொடங்குகின்றது.

இதற்கும் ஒளி பரிசோதிக்கப்பட்டது. அகச்சிவப்பு எல்.ஈ.டி பட்டைகளை வீட்டிலேயே பாதத்தில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்று அமெரிக்காவில் பரவலாக விற்பனையானது. 2008இல் டயபிற்றிஸ் கெயர் இதழில் வெளிவந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு உண்மையான கருவியும் மற்றவர்களுக்கு ஒளி வராத போலிக் கருவியும் கொடுக்கப்பட்டன. யாரிடம் எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. 90 நாட்களின் பின்னர் உண்மைக் கருவி போலிக் கருவியைவிடச் சிறந்ததாக இருக்கவில்லை.

"கொஞ்சம் சுகம் மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா சொன்னது பொய்யல்ல. ஒருவர் எம்மைத் தொட்டு, எமது மொழியில் ஆறுதல் சொல்லி, கவனம் எடுத்துப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சுகமாக இருப்பதும் நரம்பு மீண்டும் உணர்வதும் ஒன்றல்ல. விறைத்த பாதத்தின் ஆபத்து நோ அல்ல, நோ இல்லாததுதான். கல்லுக் குத்தினாலும், சப்பாத்து உரஞ்சினாலும், சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. நோ என்பது பாதத்துக்குக் காவலாளி. அந்தக் காவலாளி போன பின்னர் எமது கண்கள்தான் காவல் இருக்க வேண்டும்.

போர் தந்த காயங்கள்

எம்மில் பலருக்கு இன்னொரு வகை நரம்புக் காயமும் உண்டு. எறிகணைச் சிதறல் அறுத்துச் சென்ற நரம்புகள், தடுப்பில் கட்டித் தொங்கவிட்டதால் பாதிக்கப்பட்ட தோள் நரம்புகள். பத்து, பதினைந்து வருடங்களாக எரிவும் இழுப்பும் தாங்கிக்கொண்டு இரவு வேலைக்குப் போகின்றவர்கள் எத்தனையோ பேர். இவர்களுக்குத்தான் "செத்த நரம்பு திரும்பும்" என்ற வசனம் ஆழமாகப் போய்த் தைக்கின்றது.

அறுந்த நரம்பு வளர்வது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான். நரம்புக் காயத்தில் 780 நனோமீற்றர் லேசரைப் பயன்படுத்தி இஸ்ரேலில் சிமோன் ரொச்கைன்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால, முழுமையாக அறுபடாத நரம்புக் காயங்களில் தசை இயக்கம் மேம்பட்டதாகக் கண்டார்கள். ஆனால் அதில் பங்குகொண்டவர்கள் 18 பேர் மட்டுமே. இது மேலும் ஆராய வேண்டிய ஒரு தடயம். விலைப்பட்டியல் போடுவதற்கான ஆதாரமல்ல.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

"அரசாங்கம் அங்கீகரித்த கருவி" என்ற வசனத்தையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2002இல் முதன்முதலாக ஒரு குறைந்த சக்தி லேசருக்கு எஃப்.டி.ஏ வழிவிட்டது. அது கை மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தால் வரும் நோவைத் தற்காலிகமாகக் குறைப்பதற்கு. அப்படியான அனுமதியின் பொருள், ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவியோடு இது ஒத்தது என்பதே. புதிய மருந்துக்குக் கேட்கும் அளவு ஆதாரம் இங்கே கேட்கப்படுவதில்லை. ஐரோப்பாவின் சி.ஈ முத்திரையும் அந்தக் கருவி குறித்த விதிகளுக்கு அமைவானது என்றுதான் சொல்கின்றது. உங்கள் அம்மாவின் நோயை மாற்றும் என்று சொல்லவில்லை. மேலும், நோய் எதையும் குறிப்பிடாமல் "மூளை நலத்துக்கு", "உற்சாகத்துக்கு" என்று மட்டும் எழுதி, ஆபத்துக் குறைந்த நலவாழ்வுக் கருவியாக விற்றால் பல கேள்விகளிலிருந்து தப்பிவிடலாம். பெட்டியில் எழுத முடியாததைத் தொலைபேசியில் சொல்வார்கள்.

இந்த வியாபாரம் எம்மிடையே வேர்விடுவதற்கு எமது வாழ்க்கை முறையும் காரணம். குடும்ப வைத்தியரிடம் கிடைப்பது பத்து நிமிடம். அதிலும் பாதி மொழிபெயர்ப்பில் போய்விடும். நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில், "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று ஒருவர் அழைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? கனடா போன்ற நாடுகளில் வேலைத்தலக் காப்புறுதி ஒரு பகுதியைக் கொடுக்கும் என்றால், "சும்மா கிடைக்கிற காசுதானே" என்ற எண்ணமும் சேர்ந்துவிடுகின்றது. இரண்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, பெற்றோரைக் கவனிக்க நேரமில்லையே என்ற குற்றவுணர்வு வேறு. அந்தக் குற்றவுணர்வுக்கும் சேர்த்துத்தான் நாம் தவணை கட்டுகின்றோம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னர் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை? அந்த நோய்க்கு, போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வு இருக்கின்றதா? அலைநீளம் எவ்வளவு, ஓரிடத்துக்கு எத்தனை ஜூல்? எத்தனை தடவையின் பின்னர் பலனில்லை என்று நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு இமை தானாக மூடாது என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் லேசர் செய்யும் இடத்தில் இருக்கவே வேண்டாம். புற்றுக்கட்டி உள்ள இடத்துக்கு மேல், புற்றுநோய் வைத்தியரின் அறிவுரை இன்றி ஒளி பாய்ச்ச விடக்கூடாது. எந்தக் காரணம் கொண்டும் சீனிக் குளிசையையோ இன்சுலினையோ நிறுத்தக்கூடாது. முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ நேரே அவசர ஊர்திதான், வேறெங்கும் அல்ல.

கழுத்து நோவுக்குத் தகுதியுள்ள இயன்மருத்துவர் ஒருவர், உடற்பயிற்சியோடு சேர்த்து லேசரையும் பரிந்துரைத்தால் தயங்காமல் செய்து பார்க்கலாம். அதற்கு ஆதாரம் இருக்கின்றது. ஒளி நரம்போடு பேசுகின்றது என்பது உண்மை. அது என்ன பேசுகின்றது, எந்த அளவில் பேசுகின்றது என்பதைத்தான் விஞ்ஞானம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றது.

அதுவரை, நிரூபிக்கப்பட்டது எமது கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பிரித்தானியாவில் ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை இலவசம். வேறு நாடுகளில் இருப்பவர்களும் குடும்ப வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கின்றதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். வீட்டிலும் ஒவ்வொரு இரவும் அம்மாவின், அப்பாவின் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்தக் குடும்பத்தில் இப்போது அந்த வேலையைப் பேரப்பிள்ளை செய்கின்றாள், தன் கைபேசியின் விளக்கைப் பிடித்துக்கொண்டு.